மெனோபாஸ் மறதிக்கு ஹார்மோன் மாத்திரை தீர்வா? எச்சரிக்கையை நீக்கும் அமெரிக்கா... ஆய்வுகள் சொல்வது என்ன?

மெனோபாஸுக்குப் பிறகு பெண்களுக்குத் தரப்படும் ஈஸ்ட்ரோஜன் மருந்துகளின் குறிப்பில் 20 ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு எச்சரிக்கை இருந்தது: 'டிமென்ஷியா வர வாய்ப்புண்டு'. இதய நோய், மார்பகப் புற்றுநோய் எச்சரிக்கைகளோடு சேர்த்து இதையும் நீக்கப்போவதாக 2025 நவம்பரில் அமெரிக்காவின் எஃப்டிஏ அறிவித்தது. மெனோபாஸ் வந்த 10 ஆண்டுகளுக்குள் இந்தச் சிகிச்சையைத் தொடங்கினால் அல்சைமர் ஆபத்து 35% வரை குறையலாம் என்றும் அந்நாட்டு சுகாதாரத் துறை சொன்னது.

நேத்து வரைக்கும் மறதி நோய் வரும்னாங்க, இன்னைக்கு அதைத் தடுக்கும்ங்கிறாங்க. எதைத்தான் நம்புறது?

ஹார்மோனுக்கும் மூளைக்கும் என்ன சம்பந்தம்?

ஈஸ்ட்ரோஜன் கர்ப்பப்பைக்கு மட்டுமான ஹார்மோன் இல்லை. ஞாபகங்களைப் பதியவைக்கும் ஹிப்போகேம்பஸ் என்ற மூளைப் பகுதியிலும் அது வேலை செய்கிறது. அங்குள்ள நரம்பு இணைப்புகள் ஈஸ்ட்ரோஜன் கூடும்போது அதிகரித்து, குறையும்போது குறைவதை 1990-ல் எலிகளிடம் விஞ்ஞானிகள் கண்டறிந்தனர்.

அப்படின்னா மாதாமாதம் ஞாபகசக்தி ஏறி இறங்குமா? இல்லை. 102 ஆய்வுகளைச் சேர்த்து அலசிய கட்டுரை ஒன்று 2025-ல் வெளியானது. மாதவிடாய் சுழற்சியின் எந்தக் கட்டத்திலும் பெண்களின் சிந்தனைத் திறனில் உறுதியான வித்தியாசம் இல்லை என்பதே அதன் முடிவு. "பீரியட்ஸ் டைம்ல மூளை ஓடாது" என்பது வெறும் பேச்சுதான்.

மெனோபாஸ் மறதி உண்மையா?

உண்மைதான். அமெரிக்காவில் 2,300-க்கும் அதிகமான பெண்களை 4 ஆண்டுகள் கவனித்த 'ஸ்வான்' ஆய்வில், மாதவிடாய் நிற்பதற்கு முந்தைய காலத்தில் புதிய விஷயங்களைக் கற்கும் திறன் சற்று தடுமாறியது. மாதவிடாய் முழுமையாக நின்ற பிறகு அது பழைய நிலைக்குத் திரும்பியது. இந்தக் காலத்தில் தூக்கம் கெடுவதும் மறதியைக் கூட்டும். பெரும்பாலானவர்களுக்கு இது டிமென்ஷியாவின் தொடக்கம் இல்லை.

பயம் எங்கிருந்து வந்தது?

2003-ல் வெளியான ஒரு பெரிய அமெரிக்க ஆய்வுதான் காரணம். அதில் பங்கேற்ற 4,532 பெண்களில், ஹார்மோன் எடுத்துக்கொண்ட 40 பேருக்கும், டம்மி மாத்திரை எடுத்துக்கொண்ட 21 பேருக்கும் டிமென்ஷியா வந்தது. "இரண்டு மடங்கு ஆபத்து" என்று செய்தி பரவியது.

ஆனால் கவனிக்க வேண்டியது வயது. அவர்கள் அனைவருமே 65 வயதைக் கடந்தவர்கள். மெனோபாஸ் முடிந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு ஹார்மோன் எடுத்தவர்கள். அந்தப் பயம் 48, 50 வயதுப் பெண்களையும் பிடித்துக்கொண்டது.

அப்போ 35% கணக்கு சரியா?

இங்கேதான் சிக்கல். இதுபோன்ற கணக்குகள் பெரும்பாலும், தாங்களாகவே ஹார்மோன் எடுத்தவர்களையும் எடுக்காதவர்களையும் ஒப்பிட்டுப் போடப்படுபவை. எடுத்தவர்கள் பொதுவாகவே வசதியானவர்கள், படித்தவர்கள், டாக்டரை அடிக்கடி பார்ப்பவர்கள். பலன் மருந்தால் வந்ததா, வசதியால் வந்ததா என்று பிரிக்க முடியாது.

குலுக்கல் முறையில் பெண்களைப் பிரித்து, மெனோபாஸ் வந்த 3 ஆண்டுகளுக்குள் ஹார்மோன் கொடுத்துப் பார்த்த 'கீப்ஸ்' ஆய்வில், 4 ஆண்டு முடிவில் ஞாபகசக்தி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. சுமார் 10 ஆண்டுகள் கழித்து மீண்டும் சோதித்தபோதும் அதே நிலைதான்.

யார் கூடுதல் கவனமா இருக்கணும்?

இயற்கையாக மெனோபாஸ் வருவதற்கு முன்பே ஆபரேஷனில் சினைப்பைகளை அகற்றிக்கொண்டவர்கள். இவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் ஒரே நாளில் சரிகிறது. பிற்காலத்தில் ஞாபகக் குறைவு, டிமென்ஷியா ஆபத்து இவர்களுக்கு அதிகம் என்று 2007-ல் மேயோ கிளினிக் ஆய்வு காட்டியது. வேறு தடை இல்லாதவர்களுக்கு, வழக்கமாக மெனோபாஸ் வரும் வயது வரை ஹார்மோன் தர டாக்டர்கள் பரிந்துரைப்பதும் இதனால்தான். எனவே கர்ப்பப்பை ஆபரேஷனுக்கு முன், "சினைப்பையையும் எடுப்பீங்களா? அவசியமா?" என்று கேட்டுவிடுவது நல்லது.

என்ன செய்யலாம்?

* உடல் சூடேறி வியர்த்துக் கொட்டுவது, தூக்கமின்மை அதிகமாக இருந்தால் ஹார்மோன் சிகிச்சை பற்றி டாக்டரிடம் பேசலாம். ஞாபகசக்திக்காக மட்டும் அதை எடுக்கத் தேவையில்லை.
* கர்ப்பப்பை உள்ளவர்கள் ஈஸ்ட்ரோஜனை மட்டும் எடுத்தால் கர்ப்பப்பைப் புற்றுநோய் ஆபத்து உண்டு. அந்த எச்சரிக்கையை எஃப்டிஏ நீக்கவில்லை.
* மார்பகப் புற்றுநோய், ரத்தம் உறைதல், பக்கவாதம் வந்தவர்கள் மெடிக்கலில் தாங்களாகவே வாங்கிச் சாப்பிடவே கூடாது.
* மறதி தொடர்ந்தால் தைராய்டு, பி12 அளவுகளைப் பரிசோதிக்கலாம். தெரிந்த வழியே மறந்துபோனால், "வயசாகிடுச்சு" என்று விடாமல் உடனே நரம்பியல் டாக்டரைப் பாருங்கள்.