65 டாலர் இன்ஜினும் ஆறப்போடும் புத்தியும்

வாட்ஸப்பில் ஒரு கதை வருஷத்துக்கு ரெண்டு தடவையாவது சுத்தி வருது. ஆஸ்திரேலியாக்காரர் ஒருத்தர், 65 டாலருக்கு பழைய ஜெட் இன்ஜின் வாங்கினார், வீட்டுக் கொல்லைப்புறத்துல மரப்பலகையில போட் கட்டினார், உலக சாதனை பண்ணினார். ஆகவே நண்பர்களே, கனவு காணுங்கள்! கீழே ரெண்டு கைதட்டல் பொம்மை.

கதை பொய்யில்லை மக்களே. ஆனா அதுல எதை எடுத்துக்கணுமோ அதை விட்டுட்டு மிச்சத்தை மட்டும் அனுப்பறாங்க. இந்தப் பதிவு அதைப் பத்தித்தான்.

அவர் பேரு கென் வார்பி. 1939-ல் நியூகாசலில் பிறந்தவர். சிட்னியில் கான்கார்டு என்ற இடத்துல அவர் வீடு. (நம்ம ஆளுங்க மளிகை வாங்கப் போற ஹோம்புஷ்ஷுக்குப் பக்கம்தான். இங்கே இருக்கிற பாதிப் பேருக்கு இது தெரியாது என்பது என் ஆதங்கம்.) வேலை, பவர் டூல்ஸ் விக்கிறது. கைக்காசு பத்தாம, தான் வரைஞ்ச ஓவியங்களை விற்றும் போட்டுக்குப் பணம் சேர்த்தார். இன்ஜின், விமானப்படை கழிச்சுப் போட்ட வெஸ்டிங்ஹவுஸ் ஜே34. உடம்பு மரச்சட்டம், பிளைவுட், மேலே ஃபைபர்கிளாஸ். பேரு 'ஸ்பிரிட் ஆஃப் ஆஸ்திரேலியா'.

1977 நவம்பர் 20-ல் மணிக்கு 288.6 மைல் ஓட்டி, லீ டெய்லர் 1967-ல் வச்சிருந்த 285.2 மைல் சாதனையை முறியடிச்சார். அடுத்த வருஷம், 1978 அக்டோபர் 8, பிளவரிங் அணையில் 317.6 மைல். அதாவது சுமார் 511 கிலோமீட்டர் வேகம், தண்ணி மேல! 2023 பிப்ரவரியில் அவர் காலமாகும்போதும் அந்தச் சாதனையை யாரும் தொட்டிருக்கலை.

சரி, ஃபார்வர்டு மெசேஜ் எதை விட்டுடுச்சு?

ஒண்ணு, அவர் தனி ஆள் இல்லை. நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் டாம் ஃபிங்க் காத்தோட்டக் கணக்குல கூடவே இருந்தார். வாகா வாகா விமானப்படைத் தளத்து ஆட்கள் இன்ஜின் விஷயத்துல உதவினாங்க. பின்னாடி ஸ்பான்சர்களும் வந்தாங்க. "படிக்காத மேதை தனியா சாதிச்சார்" டைப் கதை இது கிடையாது. தனக்குத் தெரியாததை, தெரிஞ்சவங்ககிட்ட கேட்ட ஆளோட கதை.

ரெண்டாவது, அவர் ஒரே நாள்ல 300 மைலுக்குப் போகலை. வருஷக்கணக்கா ஓட்டி, பார்த்து, திருத்தி, கொஞ்சம் கொஞ்சமா வேகத்தைக் கூட்டினார். காரணம் இருக்கு. இந்த மாதிரி போட் முழு வேகத்துல மூணே இடத்துலதான் தண்ணியைத் தொடும். முன்னாடி ரெண்டு பக்கமும் ரெண்டு, பின்னாடி ஒண்ணு. மத்த இடமெல்லாம் அடியில காத்து. அந்தக் காத்து தூக்குற விசை, வேகத்தோட வர்க்கத்துக்கு ஏத்தபடி கூடும். 100 மைல்ல இருக்கிறதை விட 200-ல் நாலு மடங்கு, 300-ல் ஒன்பது மடங்கு. மூக்கு லேசா மேலே எழும்பினா போதும், போட் ஏரோப்ளேன் ஆயிடும். இறங்கத் தெரியாத ஏரோப்ளேன்.

மூணாவதுதான் முக்கியம். செத்தவங்க.

1952-ல் ஜான் காப், ஸ்காட்லாந்தின் லாக் நெஸ் ஏரியில். 1967 ஜனவரி 4-ல் டொனால்ட் கேம்ப்பெல், இங்கிலாந்தின் கானிஸ்டன் ஏரியில். இந்தச் சாதனைக்கு ஒரு திசையில ஓடினா போதாது. எதிர்த் திசையிலும் ஓடி, ரெண்டோட சராசரியைத்தான் எடுப்பாங்க. கேம்ப்பெல் முதல் ஓட்டத்துலேயே 297 மைலைத் தாண்டிட்டார். எரிபொருள் நிரப்பி, தான் கிளப்பின அலை அடங்கினப்புறம் திரும்பாம, உடனே திரும்பி வந்தார். போட் எழும்பிக் கவிழ்ந்தது. எதனால கவிழ்ந்ததுன்னு இன்னிக்கும் வாதம் நடக்குது. ஆனா காத்திருக்காம திரும்பினார் என்பதில் வாதமில்லை.

வார்பியோட சாதனையை முறியடிக்கக் கிளம்பி உயிர் விட்டவங்க ரெண்டு பேர். 1980 நவம்பர் 13-ல் அதே லீ டெய்லர், அமெரிக்காவின் டாஹோ ஏரியில். பெரும் பணம் போட்டுக் கட்டின ராக்கெட் போட். அன்னிக்குத் தண்ணி சரியில்லை. ஆனா பத்திரிகைக்காரங்களும் கூட்டமும் கரையில காத்திருக்காங்க. ஏமாத்தக்கூடாதேன்னு ஒரு சோதனை ஓட்டம் போனார். அவ்வளவுதான். 1989-ல் கிரெய்க் ஆர்ஃபன்ஸ், ஃப்ளோரிடாவில்.

இவங்க யாரும் முட்டாள் இல்லை. தைரியத்துலேயோ அறிவுலேயோ வார்பிக்குக் குறைஞ்சவங்களும் இல்லை. வார்பிக்கு அதிர்ஷ்டமும் இருந்திருக்கும், அதை மறுக்கலை. ஆனா எனக்குப் படுறது இதுதான்: வீட்டுல கட்டுறவனுக்கு பணக்காரக் குழுவுக்கு இல்லாத ஒரு சொத்து இருக்கு. அது மலிவு இன்ஜின் இல்லை. "இன்னிக்கு வேணாம், அடுத்த மாசம் பாத்துக்கலாம்" என்று சொல்ற சுதந்திரம். தார்ப்பாயை மறுபடி இழுத்து மூடினா யாரும் கேட்கப் போறதில்லை.

ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்கலைன்னு ஊர்ல சொல்வாங்களே, அதே சமாச்சாரம்.

இதை ஏன் இப்போ எழுதறேன்னா, நம்ம நண்பர் ஒருத்தர் கராஜில் போட் கட்டிக்கிட்டு இருக்கார். 16 அடி. மரைன் பிளைவுட், எபாக்ஸி, எல்லாம் முறையாத்தான். நான் வார இறுதியில் போய் உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சுக் கொடுக்கிறேன். (எபாக்ஸி தூசுக்கு மாஸ்க், கைக்கு க்ளவுஸ் கண்டிப்பா வேணும் சாமி. ஒருதடவை அலர்ஜி வந்தா அப்புறம் கிட்டயே போக முடியாது.) பிரச்சனை எங்கேன்னா, வரைபடம் 90 குதிரைசக்திக்குப் போட்டது. இவருக்கு செகண்ட் ஹேண்டில் 150 மலிவா கிடைச்சிருச்சு.

"அண்ணே, வார்பி ஜெட் இன்ஜினையே மாட்டினார்ணே!" என்கிறார்.

மாட்டினார் தம்பி. அந்த இன்ஜினுக்குன்னே போட்டை வடிவமைச்சு மாட்டினார். நீங்க மாட்டுறது வேற இன்ஜினுக்குப் போட்ட போட்டில். பின்பலகை அந்தக் கூடுதல் எடையையும் தள்ளு விசையையும் தாங்கணும். கனம் பின்னாடி போனா மூக்கு தூக்கும். வேகம் கூடினா போட் இடமும் வலமும் மாறி மாறி ஆட ஆரம்பிக்கும். திருத்தறேன்னு ஸ்டியரிங்கைத் திருப்பத் திருப்ப ஆட்டம் கூடும். வரைபடம் போட்டவருக்கு ஒரு மெயில் தட்டிக் கேட்கிறது தப்பே இல்லை. வார்பி பேராசிரியர்கிட்ட கேட்டது இதே மாதிரிதான்.

இன்ஜினை விட எனக்கு வயித்தைக் கலக்குறது வேற. மனுஷன் தேதி குறிச்சுட்டார். அக்டோபர் லாங் வீக்கெண்ட். நாப்பது பேருக்கு அழைப்பு, பிரியாணி, அவரோட ரெண்டு பொண்ணுங்களும் முதல் ஓட்டத்துல ஏறுவாங்களாம்.

என் கட்சி இது. முதல் ஓட்டத்துக்கு யாரையும் கூப்பிடாதீங்க. ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை காலையில், தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கும்போது, கரையில் ஒருத்தரை நிறுத்திட்டுப் போங்க. லைஃப் ஜாக்கெட் போடுங்க. தூக்கி எறியப்பட்டா இன்ஜினை நிறுத்துற அந்தக் கயிறை உடம்புல மாட்டுங்க. கால்வாசி வேகம், கரைக்கு வாங்க, ஒவ்வொரு போல்ட்டா பாருங்க. அடுத்த வாரம் அரைவாசி. குழந்தைங்க ஏறுறது எல்லாம் முடிஞ்சப்புறம். பிரியாணி எங்கேயும் போகாது, நாங்களும் எங்கேயும் போக மாட்டோம்.

வீட்டுல இதெல்லாம் கட்டவே கூடாதுன்னு சொல்ற கோஷ்டியில் நான் இல்லை. கட்டணும். காசு கொடுத்து வாங்கின போட்ல எந்த ஆணி எங்கே இருக்குன்னு தெரியாது. நாம கட்டினதுல தெரியும். அந்த சந்தோஷம் தனி. 'ஸ்பிரிட் ஆஃப் ஆஸ்திரேலியா' டார்லிங் ஹார்பர் கடல்சார் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்த போட். சிட்னிப் பக்கம் வர்றவங்க விசாரிச்சுட்டுப் போய்ப் பாருங்க. ஒரு மனுஷன் கொல்லைப்புறத்துல மழைக்கும் வெயிலுக்கும் நடுவுல செஞ்சதுன்னு நினைச்சா மெய்சிலிர்க்கும்.

அடுத்த தடவை அந்த ஃபார்வர்டு வந்தா, கனவு காணுங்கள் என்பதுக்குக் கீழே ஒரு வரி சேர்த்து அனுப்புங்க: அவசரப்படாமல் காணுங்கள்.

பி.கு: நண்பர் இதைப் படிப்பார்னு தெரிஞ்சேதான் எழுதியிருக்கேன். சனிக்கிழமை உப்புத்தாளோட வர்றேன் தம்பி, திட்டறதை அப்போ திட்டிக்கலாம் :-)