நெரூடாவுக்கு மாலை போடும் முன்

தமிழ் முற்போக்கு மேடைகளுக்கு பாப்லோ நெரூடா அந்நியர் அல்லர். பாசிசத்தை எதிர்த்த கம்யூனிஸ்ட். 1939இல் 2000க்கும் மேற்பட்ட ஸ்பெயின் அகதிகளைக் கப்பலேற்றி சிலிக்கு அனுப்பிவைத்தவர். 1971இல் நோபல் பரிசு பெற்றவர்.

அவர் இறந்த மறு ஆண்டு, 1974இல், அவரது தன்வரலாறு வெளிவந்தது. அதில் கொழும்பு வருகிறது. 1929 வாக்கில் அவர் அங்கே சிலி நாட்டுத் தூதரக அதிகாரியாக (கான்சல்) இருந்தார், வெள்ளவத்தையில் வீடு. அந்த வீட்டின் எடுப்புக் கக்கூஸைச் சுத்தம் செய்ய விடியற்காலையில் ஒரு பெண் வந்துபோவார். தமிழ்ப் பெண், தீண்டாமைக்கு உள்ளாக்கப்பட்ட சாதியைச் சேர்ந்தவர் என்று நெரூடாவே எழுதுகிறார். வழியில் பரிசுகளை வைத்துப் பார்த்தார். அந்தப் பெண் கண்டுகொள்ளவில்லை. ஒருநாள் காலை அவரது மணிக்கட்டைப் பிடித்து அறைக்குள் அழைத்துப்போனார். அது வல்லுறவு. இதைச் சொல்வது எதிரியல்ல, செய்தவரே. அப்போதும் அவருக்கு அந்தப் பெண் ஒரு சிலையாகத்தான் தெரிகிறார். பெயர் இல்லை.

2018இல் சாந்தியாகோ விமான நிலையத்துக்கு நெரூடா பெயரைச் சூட்டும் யோசனை வந்தபோது, சிலியின் பெண்ணியவாதிகள் இந்தப் பக்கத்தைக் காட்டித்தான் எதிர்த்தார்கள். பெயர் மாறவில்லை. நம் மொழி பேசிய ஒரு மலம் அள்ளும் தொழிலாளிக்காக உலகின் மறுகோடியில் பெண்கள் பேசினார்கள். நம் மேடைகள் என்ன பேசின?

‘அந்தக் காலம் அப்படி’ என்பார்கள். அந்தக் காலத்தில்தான், 1927இல், அம்பேத்கர் மகாடில் மனுஸ்மிருதியை எரித்தார். அதே 1929இல்தான் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சொத்துரிமை கேட்டது. காலம் எல்லோருக்கும் ஒன்றாக இருக்கவில்லை. ‘நேர்மையாக ஒப்புக்கொண்டாரே’ என்பார்கள். யாரிடம்? அந்தப் பெண்ணிடம் அல்ல.

கவிதையை எரிக்கச் சொல்லவில்லை. படிப்பது வேறு, மாலை போடுவது வேறு. படிப்பவர் எழுத்தோடு சண்டையும் போடலாம். மாலையோ மனிதருக்கு விழுவது. இவரால் பாதிக்கப்பட்டவரின் வலி எங்களுக்குப் பொருட்டில்லை என்று ஊரறியச் சொல்வது.

நெரூடா தூரத்தவர், இறந்தவர், சொல்வது எளிது. பக்கத்தில் பார்ப்போம். 2018இல் வைரமுத்து மீது பாடகர் சின்மயி உள்ளிட்ட பெண்கள் பாலியல் புகார் கூறினார்கள். அவர் மறுத்தார். அது ஒப்புதல் வாக்குமூலம் அல்ல, புகார். அந்த வேறுபாடு முக்கியம். 2021இல் கேரளத்தின் ஓ.என்.வி. விருது அவருக்கு அறிவிக்கப்பட்டது. எதிர்ப்பு எழுந்து, மறுபரிசீலனை என்ற பேச்சு வந்ததும் விருது வேண்டாம் என்றார். நமக்கான கேள்வி வேறு. நம் தரப்பில் பலர் புகாரை விட்டுவிட்டு, புகார் சொன்னவரின் சாதியைப் பேசினார்கள். இட ஒதுக்கீடு பற்றிய அவர் கருத்தைக் கடுமையாக எதிர்க்கலாம், எதிர்க்க வேண்டும். அது இந்தப் புகாருக்குப் பதில் ஆகாது. உயர்சாதி ஆண்கள் தாழ்ந்த சாதிப் பெண்ணைத் தொட்டிருக்க மாட்டார்கள் என்று சொல்லித்தான் 1995இல் ராஜஸ்தான் நீதிமன்றம் பன்வாரி தேவி வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர்களை வல்லுறவுக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தது. சாதி பார்த்துச் சாட்சியை எடைபோடுவது மனுவின் முறை. அதைத் தலைகீழாகத் திருப்பினாலும் அது மனுவின் முறைதான்.

இது அகாதெமிகளின் பிரச்சினை மட்டுமல்ல. கொண்டப்பநாயக்கன்பட்டியில் நான்கு இளைஞர்கள் ஒரு படிப்பு வட்டம் தொடங்கினாலும், சுவரில் யார் படம், ஆண்டு விழாவுக்கு யார் சிறப்பு விருந்தினர் என்று முடிவெடுத்தாக வேண்டும். அப்போது ‘அவர் நம்ம ஆள்’ என்பதை ஒரு காரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர்மீது புகார் சொன்ன பெண் அதே கூட்டத்துக்கு வந்து முன்வரிசையில் உட்கார முடியுமா என்று கேளுங்கள். முடியாது என்றால், அந்த மேடை யாருக்காகப் போடப்படுகிறது?