ஊட்டிக்கு விண்டர் டயர் வேணுமா டாக்டர்?

டிசம்பர் வந்தாலே இன்பாக்ஸில் இந்தக் கேள்வி வந்துடும். வெளிநாட்டு வீடியோ பார்த்துட்டு, "நீலகிரியில உறைபனி விழுதே, நம்ம சின்னக் காருக்கு விண்டர் டயர் போடணுமா?" என்று கேட்கிறீர்கள்.

என் பதில்: வேண்டாம். ஆனா வேற ஒண்ணு கண்டிப்பா வேணும்.

நான் எம்பிபிஎஸ் படித்தவன், டயர் எஞ்சினியர் கிடையாது. ஆனால் நாலு வருஷமா மேட்டுப்பாளையம் - குன்னூர் மலைப்பாதையில் சின்னக் காரில்தான் டியூட்டிக்குப் போய் வருகிறேன். அந்த ரோட்டில் டயர் வழுக்கினால் எங்க கேஷுவாலிட்டிக்குத்தான் கொண்டு வருவார்கள். அதனால் சொல்கிறேன்.

குளிர் சுமார் 7 டிகிரிக்குக் கீழே போனால் சாதாரண டயரின் ரப்பர் இறுகி, பிடிப்பு குறையும். விண்டர் டயரின் ரப்பர் அந்தக் குளிரிலும் இளக்கமாகவே இருக்கும். பனியைக் கவ்வ அதில் நிறைய மெல்லிய கீறல்கள் இருக்கும். கனடாவின் கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை அது சட்டப்படி கட்டாயம்.

நம்ம ஊட்டியில் உறைபனி விடியற்காலையில் புல்லில் படியும், வெயில் ஏறினால் போயிடும். கீழே மேட்டுப்பாளையம் இறங்கினால் சுடும். அந்தச் சூட்டில் விண்டர் டயர் மளமளவென்று தேயும், பிரேக் பிடித்தாலும் தள்ளிப்போய்தான் நிற்கும்.

நம்ம மலையில் பயப்பட வேண்டியது மழைக்குத்தான்.

தேய்ஞ்ச ரப்பர் செருப்போடு ஈரமான பாத்ரூமில் கால் வைத்து இடுப்பு எலும்பு உடைந்து வரும் பாட்டிகளை நான் நிறைய பார்க்கிறேன். காருக்கும் அதே கதைதான். ஒவ்வொரு டயரும் தரையைத் தொடுவது உங்க உள்ளங்கை அளவு இடத்தில்தான். அங்கே இருக்கும் தண்ணீரை வெளியே தள்ளுவது டயரின் பள்ளங்கள். பள்ளம் தேய்ந்தால் டயர் தண்ணீர் மேலேயே மிதக்கும். அப்போ ஸ்டியரிங்கும் கேட்காது, பிரேக்கும் கேட்காது.

என் காரில் இதுவரை மூன்று செட் டயர் பார்த்துவிட்டேன்.

பழைய காராக வாங்கியபோது இருந்த செட் ஏறக்குறைய மொட்டை. மழையில் 30 வேகத்திலேயே வளைவில் நழுவியது. முதல் வாரமே கழற்றிவிட்டேன்.

அடுத்தது, "ரொம்ப நாள் உழைக்கும் சார்" என்று கடைக்காரர் கொடுத்த கெட்டி ரப்பர் டயர். காய்ந்த ரோட்டில் குறையே இல்லை. ஈரத்தில் பள்ளம் நல்லா இருந்தும் ஹேர்பின் வளைவில் முன்பக்கம் வெளியே இழுத்தது.

இப்போது ஓடுவது ஈரப் பிடிப்புக்காகவே தேடிப் போட்டது. சீக்கிரம் தேய்கிறது, உண்மை. ஆனால் மழையில் மிதித்த இடத்தில் நிற்கிறது. எனக்கு அது போதும்.

நீங்க செய்ய வேண்டியது:

1. பள்ளத்துக்குள் சின்ன ரப்பர் மேடு இருக்கும். டயர் அந்த மேட்டுக்குச் சமமாகத் தேய்ந்தால் பள்ளம் 1.6 மில்லிமீட்டர்தான் மிச்சம். சட்டத்தின் எல்லை அது. மலைக்கு வருகிறவர்கள் அதற்கு முன்பே மாற்றிவிடுங்கள்.

2. டயர் ஓரத்தில் நாலு இலக்க எண் இருக்கும். 3522 என்றால் 2022-ன் 35-வது வாரம் செய்தது. கார் அதிகம் ஓடாவிட்டாலும் ரப்பருக்கு வயசாகும்.

3. இரண்டு டயர் மட்டும் மாற்றினால் புதுசைப் பின்னால் போடுங்க. முன்சக்கரம் இழுக்கும் காருக்கும் இதேதான். ஈரத்தில் பின்பக்கம் வழுக்கினால் கார் சுற்றிவிடும்.

4. காற்று, டிரைவர் கதவோர ஸ்டிக்கரில் உள்ள அளவு. டயர் சூடாவதற்கு முன்பே பாருங்க.

டயர் கடையில் நாம் கேட்கும் முதல் கேள்வி "எத்தனை கிலோமீட்டர் ஓடும்?" என்பதுதான். இனிமேல் "மழையில எப்படி நிக்கும்?" என்று முதலில் கேளுங்கள். அலாய் வீலுக்கும் டச் ஸ்கிரீனுக்கும் கொடுக்கும் காசில் நல்ல டயர் நாலு வந்துவிடும்.

மலைக்கு வாங்க, ஊரைச் சுற்றிப் பாருங்க. எங்க கேஷுவாலிட்டியை மட்டும் பார்க்காமலே ஊர் திரும்புங்க.