விசா முடியும்வரை மட்டும் நட்பா?

வெளிநாட்டுக்குப் படிக்கப் போனால் சாதி தொலைந்துவிடும் என்று நம் வீடுகளில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. கிறித்தவ வீடுகளில் அந்த நம்பிக்கை இரட்டிப்பு. கடல் தாண்டினால் பாதி போகும், ஒரே பீடத்தின் முன் முழந்தாளிட்டால் மீதியும் போகும் என்பார்கள். நானும் என் இணையரும் பிரான்சில் மூன்று ஆண்டுகள் படித்தோம். அந்த அனுபவத்தை வைத்துச் சொல்கிறேன்: சாதி போவதில்லை. பெட்டியின் அடியில் மடித்து வைத்த பட்டுப்புடவை மாதிரி பத்திரமாக வந்து சேர்கிறது. அன்றாடம் யாரும் அதை உடுத்துவதில்லை. நல்ல நாள் பெரிய நாளில் மட்டும் வெளியே எடுக்கிறார்கள்.

நாங்கள் இருவரும் தலித் கத்தோலிக்கர்கள். என் வீடு காரைக்காலில் நெடுங்காடு பக்கம். காரைக்கால்காரர்களுக்குப் பிரான்ஸ் வெறும் வெளிநாடு இல்லை. 1739இல் பிரெஞ்சுக்காரர்கள் கைக்கு வந்த ஊர் இது. 1954 நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. சட்டப்படியான கைமாற்றம் 1962 ஆகஸ்ட் 16இல்தான் முடிந்தது. அப்போது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பங்களின் பிள்ளைகள் இன்றும் அங்கும் இங்குமாக வாழ்கிறார்கள். ஆகவே பிரான்சில் தமிழ்ப் பூசைக்கும் தமிழ்ச் சாப்பாட்டுக்கும் பஞ்சமில்லை. 'உங்க ஊர் எது?' என்ற கேள்விக்கும் பஞ்சமில்லை.

காரைக்கால் என்று சொன்னதும் அடுத்த கேள்வி வரும்: 'காரைக்கால்ல எங்க?' அதற்கடுத்து, 'எந்தப் பங்கு? அதுல எந்தத் தெரு?' கல்யாணமானவர்கள் என்று தெரிந்தால் இன்னொன்று சேரும்: 'லவ் மேரேஜா, வீட்ல பார்த்ததா?' காதல் திருமணம் என்றால் இரண்டு பேர் சாதியையும் தனித்தனியாகத் தேடுவார்கள். வீட்டில் பார்த்தது என்றால் வேலை சுலபம். ஒருவர் சாதி தெரிந்தால் போதும், மற்றவருடையதும் தெரிந்துவிடும். தனியாகப் படிக்க வந்த மாணவர் இந்தக் கேள்விகளிலிருந்து கொஞ்சம் தப்பிக்கலாம். தம்பதியாக வந்தவர்கள் தப்ப முடியாது. அகமணமுறை உள்ள நாட்டில் திருமணமே ஒரு சாதிச் சான்றிதழ்தான்.

அப்படியிருந்தும் நட்பு தேவைப்பட்டது. படிக்கும் தம்பதியின் நிலை அப்படி. மாணவர் விசாவில் ஆண்டுக்கு 964 மணி நேரம்தான் வேலை செய்யலாம். இருவர் வருமானத்தைச் சேர்த்தாலும் வாடகை போனால் கையில் நிற்பது கொஞ்சம். ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் இன்னொருவர் வகுப்புக்குப் போக முடியாது. இருவருக்கும் வந்தால் கஞ்சி வைத்துத் தர ஆள் வேண்டும். குளிர்காலத்தில் மாலை ஐந்து மணிக்கே இருட்டிவிடும் அறையில் இரண்டே பேர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தால் நல்ல தாம்பத்தியமும் நைந்துபோகும். ஞாயிறு பூசை முடிந்து யாராவது ஒரு வீட்டில் சோறும் மீன்குழம்பும் கிடைக்கும் என்பது எங்களுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. அங்கே விசுவாசமும் நட்பும் ஒரே வாசல் வழியாகத்தான் வந்தன.

எங்களைப் போலவே இருவரும் படிக்க வந்த ஒரு தம்பதி, டெல்டாக்காரர்கள், எங்களோடு மிகவும் நெருங்கினார்கள். ஆதிக்க சாதிக் கிறித்தவர்கள். எங்கள் சாதி அவர்களுக்குத் தெரியும். தெரிந்தும் ஒரே சட்டியில் சமைத்தோம், ஒரே செபமாலையைக் கைமாற்றிச் செபித்தோம். அந்தத் தோழிக்குப் பிரசவவலி வந்த இரவில் மருத்துவமனையில் உடனிருந்தவள் நான். குழந்தைக்கு ஞானத்தாயும் ஞானத்தந்தையும் நீங்கள்தான் என்று அவர்களே கேட்டார்கள்.

ஞானப்பெற்றோர் ஆவதற்குத் திருச்சபைச் சட்டம் சில நிபந்தனைகள் வைத்திருக்கிறது. பதினாறு வயது நிரம்பியிருக்க வேண்டும், உறுதிபூசுதலும் நற்கருணையும் பெற்ற கத்தோலிக்கராக இருக்க வேண்டும், விசுவாசத்துக்கு ஏற்ற வாழ்க்கை வாழ வேண்டும், குழந்தையைப் பெற்றவராக இருக்கக் கூடாது. அதில் சாதி என்ற சொல் இல்லை. ஆனால் ஞானஸ்நானம் திடீரென்று ஊருக்கு மாற்றப்பட்டது. ஞானப்பெற்றோரும் மாறினார்கள். 'மாமா ஒத்துக்கல, போட்டோ எல்லாரும் பாப்பாங்க' என்று தோழி அழுதாள். அவள் அழுகை உண்மையானது. அந்த உண்மையான அழுகையோடுதான் சாதி தன் வேலையைச் செய்து முடித்தது.

அந்த விடுமுறையில் அவர்கள் குழந்தையோடு வேளாங்கண்ணிக்கு நேர்த்திக்கடன் செலுத்த வந்தார்கள். சிதம்பரத்திலிருந்து கடற்கரைச் சாலையில் வந்தால் காரைக்காலைத் தாண்டித்தான் போக வேண்டும். போனார்கள். வேளாங்கண்ணி போய்ச் சேர்ந்த பிறகு குழந்தையின் படத்தை வாட்சப்பில் அனுப்பினார்கள். எங்கள் வீட்டில் என் அம்மா அன்று குழந்தைக்காக வாங்கிய வெள்ளி அரைஞாண் இன்னும் பீரோவில் இருக்கிறது.

அவர்கள் கெட்டவர்கள் என்று சொல்ல இதை எழுதவில்லை. கெட்டவர்கள் செய்வதை எதிர்க்க நமக்கு வழி தெரியும். நல்லவர்கள், நண்பர்கள், செபிக்கிறவர்கள் செய்வதை எப்படி எதிர்ப்பது என்பதுதான் என் கேள்வி. விசா இருக்கும்வரை சமமாக இருந்து, ஊர் எல்லை வந்ததும் பழைய தெருவுக்குத் திரும்பிவிடும் உறவுக்கு நட்பு என்று பெயர் வைக்கலாமா?

இந்தக் கேள்விக்கு எங்கள் ஊரிலேயே நெடிய வரலாறு உண்டு. பிரெஞ்சுக்காரர்கள் காரைக்காலுக்கு வந்த ஆறே ஆண்டுகளில், 1745 அக்டோபரில், புதுச்சேரித் தேவாலயத்தில் நடந்த ஒரு சம்பவத்தை ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் பதிந்திருக்கிறார். அந்தத் தேவாலயத்துக்குள் ஒரு சுவர் இருந்தது. ஒரு பக்கம் பறையர் கிறித்தவர்கள், மறுபக்கம் மற்றவர்கள். காரைக்கால் கோயிலிலிருந்து வந்திருந்த பாதிரியார் ஒருவர் பறையர்களை முறையிடத் தூண்டினார். அவர்கள் திரண்டு போய்ப் பெரிய பாதிரியாரிடம் நியாயம் கேட்டார்கள். சுவர் இடிக்கப்பட்டது. உடனே உயர்சாதிக் கிறித்தவர்களின் எதிர்ப்புக் கிளம்பியது.

இதை எழுதிவைத்த பிள்ளைக்கு அந்தச் செயலில் உவப்பில்லை. அவர் பதிவு நமக்கு இன்று சாட்சியாகப் பயன்படுகிறது. 280 ஆண்டுகளுக்கு முன்பே சுவர் கூடாது என்று கேட்டவர்கள் நம் முன்னோர். சமத்துவம் மிஷனரிகள் போட்ட பிச்சை என்று பேசுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். திரண்டு போய்க் கேட்டது சேரி மக்கள்.

பிறகு 1881 செப்டம்பரில் வந்த பிரெஞ்சு ஆணை, இந்து, முஸ்லிம் தனிநிலைச் சட்டங்களைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தின் கீழ் வர வழி திறந்தது. துறந்தவர்கள் தங்களுக்கென ஒரு குடும்பப் பெயரை வைத்துக்கொண்டார்கள். அதில் கிறித்தவர்களும் ஒடுக்கப்பட்ட சாதியினரும் கணிசமானோர். சட்டம் பெயரை மாற்றியது. யார் வீட்டில் பெண் எடுப்பது என்ற வழக்கத்தைச் சட்டம் தொடவில்லை. இன்றும் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள மாப்பிள்ளைக்குத் தனி மவுசு உண்டு. பாஸ்போர்ட்டைப் பார்த்த பிறகு சாதியையும் பார்க்கத்தான் செய்கிறார்கள்.

நட்பைப் பற்றி உலக மேடையில் கேட்ட தமிழர் ஒருவர் உண்டு. 1910இல் எடின்பரோவில் உலக மிஷனரி மாநாடு நடந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிரதிநிதிகளில் ஆசியர்கள் இருபதுக்கும் குறைவு. அவர்களில் ஒருவர், திருநெல்வேலிச் சீமை வெள்ளாளன்விளையில் பிறந்த வி.எஸ். அசரியா. பின்னாளில் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர். வெள்ளை மிஷனரிகள் முன்னால் நின்று அவர் கேட்டதன் சாரம் இதுதான்: பொருள் கொடுத்தீர்கள், உயிரையும் கொடுத்தீர்கள், அதற்கு நன்றி. எங்களுக்கு நண்பர்கள் வேண்டும். கொடுப்பவர், வாங்குபவர் என்ற உறவில் நட்பு இல்லை என்று ஒரு கறுத்த மனிதர் வெள்ளைச் சபையிடம் சொன்னார். மண்டபத்தில் பலருக்கு அது சங்கடமாக இருந்தது.

அந்தப் பேச்சைத் தமிழ்க் கிறித்தவர்கள் இன்றும் பெருமையாகச் சொல்கிறோம். அதே கேள்வியைத் தமிழ்ச் சபைக்குள் தலித்துகள் கேட்டால் மட்டும் 'பிரிவினை பேசாதே' என்கிறார்கள். திருச்சி மேலப்புதூர்க் கல்லறையில் செத்தவர்களுக்கு நடுவிலும் சுவர் வைத்தது யார்? புதுச்சேரி-கடலூர் உயர்மறைமாவட்டத்துக்கு உட்பட்ட எறையூரில் 2008 மார்ச்சில் தலித் கிறித்தவர்கள் தாக்கப்பட்டது எதற்காக? தனிப் பங்கும் பாகுபாடற்ற வழிபாடும் கேட்டதற்காக. இந்திய ஆயர் பேரவை 2016இல் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கையே, 1.9 கோடிக் கத்தோலிக்கர்களில் 1.2 கோடிப் பேர் தலித்துகள் என்று ஒப்புக்கொள்கிறது. பெரும்பான்மையினர் பிரிவினை பேசுகிறார்களாம்!

அரசு தன் பங்குக்கு இன்னொரு கதவை அடைக்கிறது. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களோடு நிறுத்தியது. 1956இல் சீக்கியர்களும் 1990இல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள். கிறித்தவருக்கும் முஸ்லிமுக்கும் இன்றுவரை இல்லை. ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் இந்த மதத் தடையை நீக்கச் சொல்லியும் நீங்கவில்லை. 2022இல் இன்னொரு ஆணையம் போட்டார்கள். ஆகவே வெளிநாட்டில் படிக்க ஒன்றிய அரசு பட்டியல் சாதியினருக்குத் தரும் உதவித்தொகைக்கு எங்களால் விண்ணப்பிக்கவே முடியாது. நாங்கள் கடன் வாங்கிப் போனோம். கிறித்தவத்தில் சாதி இல்லை என்று அரசு கைவிரிக்கிறது. சாதி சமூகத்தில் இருக்கிறது, சபையில் இல்லை என்று சபை கைவிரிக்கிறது. இரண்டு கைவிரிப்புக்கும் நடுவில் நிற்கிறவனுக்குக் கடன் தவணை மட்டும் மாதாமாதம் தவறாமல் வருகிறது.

தோழர்கள் சிலர் கேட்பார்கள்: இவ்வளவுக்குப் பிறகும் ஏன் கிறித்தவத்தில் இருக்கிறீர்கள்? கேள்வி நியாயமானது. என் பாட்டி பண்ணை வீட்டுப் பின்வாசலில் நிற்க மறுத்துச் சிலுவையைப் பிடித்தவள். அந்த மறுப்புதான் எனக்கு வந்த சொத்து. அதை ஆதிக்க சாதிக் கிறித்தவர்களுக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் போக எனக்கு மனமில்லை. மேலும் நான் வெளியேறினால் என் விசுவாசம்தான் மாறும், அவர்கள் சாதி மாறாது. கடவுளை நம்பாத தமிழ் மாணவர் வட்டங்களிலும் வாடகைக்கு அறை பிடிக்கும்போது 'நம்ம பசங்களா?' என்று கேட்பதை நான் காதால் கேட்டிருக்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதே ஞாயிறு வட்டத்தில் இருந்த வேறொரு தோழி, அவளும் ஆதிக்க சாதிதான், விடுமுறையில் வந்து எங்கள் வீட்டில் இரண்டு நாள் தங்கினாள். வீட்டில் பொய் சொல்லாமல், எங்கே போகிறேன், யார் வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தாள். அவள் அப்பா ஒரு மாதம் அவளோடு பேசவில்லை. அவள் அதைத் தியாகம் என்று எங்கும் சொல்லிக்கொள்ளவில்லை. நட்புக்கு ஒரு விலை உண்டு, அதை யார் கொடுப்பது என்பதுதான் கேள்வி. இதுவரை நாங்கள்தான் கொடுத்துவந்தோம், பேசாமல் இருப்பதன் மூலம்.

அமெரிக்காவில் சியாட்டில் நகரம் 2023இல் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்தது. அதே ஆண்டு கலிபோர்னியச் சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை ஆளுநர் நிராகரித்தார். பிரிட்டன் அரசு 2018இல் தனிச் சட்டம் தேவையில்லை என்று ஒதுங்கிக்கொண்டது. சட்டம் வேண்டும், அதற்காகப் போராட வேண்டும். ஆனால் ஞானஸ்நானத்துக்கு யாரை அழைப்பது என்பதைச் சட்டம் தீர்மானிக்காது. சமபந்தி மட்டும் சாதியைக் கொல்லாது, கலப்புமணமே உண்மையான மருந்து என்று அம்பேத்கர் 1936லேயே சொல்லிவிட்டார். வெளிநாட்டுச் சமையலறைச் சமபந்தி, அவர் போதாது என்று சொன்னதற்கும் கீழே ஒரு படி. அது ஊருக்கே தெரியாத சமபந்தி.

ஆகவே வெளிநாட்டில் படிக்கிற, படிக்கப் போகிற கிறித்தவ நண்பர்களிடம் சில வெளிப்படையான கோரிக்கைகள் வைக்கிறேன். தமிழ்ப் பூசைக் குழுக்களிலும் செபக் கூட்டங்களிலும் சாதி ஒரு பாவம் என்று பெயர் சொல்லிப் பேசுங்கள். 'ஏற்றத்தாழ்வு' என்று பூசி மெழுக வேண்டாம். அந்தக் குழுக்களின் வாட்சப்பில் சாதி குறிப்பிட்ட வரன் விளம்பரம் வந்தால் அங்கேயே எதிர்த்துப் பேசுங்கள். தெருவைக் கேட்பதை நிறுத்துங்கள். உங்கள் நண்பர் யார் என்பதை உங்கள் பெற்றோரிடம் போனில் அல்ல, வீட்டுக் கூடத்தில் வைத்துச் சொல்லுங்கள். உங்கள் தங்கைக்கோ தம்பிக்கோ எங்கள் வீட்டில் சம்பந்தம் என்று பேச்சு வந்தால் என்ன செய்வீர்கள் என்று இப்போதே யோசித்து வையுங்கள்.

தலித் கிறித்தவத் தம்பதிகளுக்கும் ஒன்று சொல்வேன். அன்பு காட்டுகிறார்களே, எப்படிக் கேட்பது என்று வாயை மூடிக்கொள்ளாதீர்கள். 1745இல் நம் ஆட்கள் சுவருக்கு இந்தப் பக்கம் அமைதியாகச் செபித்துக்கொண்டே இருந்திருந்தால் சுவர் விழுந்திருக்காது. எழுந்து போய்க் கேட்டார்கள், விழுந்தது. நண்பர்களிடமும் அப்படித்தான் கேட்க வேண்டும்: அடுத்த முறை வேளாங்கண்ணிக்குப் போகும்போது காரைக்காலில் எங்கள் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்துவீர்களா, மாட்டீர்களா?