எல்லைக் காவலும் கிணற்றுக் காவலும்

பாதுகாப்பு என்றதும் ஆட்சியாளர் படையையே எண்ணுகின்றனர். 2021 டிசெம்பரில், காலநிலை மாற்றத்தையும் பாதுகாப்பையும் இணைத்து நோக்கும் தீர்மானமொன்று ஐ.நா. பாதுகாப்புச் சபைக்கு வந்தது. 15 நாடுகளில் 12 ஆதரித்தன, இந்தியா எதிர்த்தது, சீனா ஒதுங்கிற்று, ரஷ்யாவின் ‘வீற்றோ’ அதனை வீழ்த்திற்று. இதனைச் சாட்டாக வைத்து வல்லரசுகள் சிறு நாடுகளில் தலையிடலாம் என்ற ஐயத்தை நாமும் முற்றாகத் தள்ளிவிடோம். ஆனால், கடல் எவருடைய வாக்கெடுப்புக்கும் காத்திராது.

வற்றாத ஆறு ஒன்றேனுமில்லாத யாழ்ப்பாணக் குடாநாட்டில், கமக்காரன் நம்பியிருப்பது சுண்ணக்கற் பாறையிடையே நிற்கும் நன்னீரையே. அதன் கீழே உவர்நீர். கடல்மட்டம் உயர, நாமும் அளவின்றி இறைக்க, உவர் மேலேறும், தோட்டம் கருகும். இந்த ஊடுருவலை எந்தப் படைமுகாம் தடுக்கும்? பாதுகாப்புக்கென ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கையேனும் குளங்களைத் தூர்வாரவும், தொண்டைமானாறு, அரியாலைத் தடுப்பணைகளைப் பேணவும் அரசு செலவிடவேண்டுமென்று கேட்கின்றோம்.