முதலில் இருக்கை, பிறகு நிறம்

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (இயற்பியல்)

மிதிவண்டி வாங்கக் கடைக்குச் செல்கிறவர் முதலில் எதைப் பார்க்கிறார்? நிறத்தைப் பார்க்கிறார். பின்பு ஹேண்டில்பாரின் வளைவைப் பார்க்கிறார். மணியை அடித்துப் பார்க்கிறார். பூட்டு சேர்த்துத் தருவீர்களா என்று கேட்கிறார். தம் உடம்பின் பாரம் எந்த இடத்தில் தங்கப்போகிறதோ அந்த இருக்கையைப் பற்றி அவர் ஒன்றும் கேட்பதில்லை. மிஞ்சிப்போனால் கட்டைவிரலால் ஒருமுறை அமுக்கிப் பார்க்கிறார். மெத்தென்று இருந்தால் மனநிறைவோடு பணத்தை எண்ணிக் கொடுக்கிறார். இது தவறு என்பதே என் கருத்து.

மலருக்கு மிதிவண்டி இருக்கையைப் பற்றி எழுதப்போகிறேன் என்றதும் தோழியர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பின் காரணம் எனக்குத் தெரியும். முழங்கால் வலித்தால் வீட்டில் சொல்லலாம். தலை வலித்தால் பேராசிரியரிடமே சொல்லலாம். உட்காரும் இடம் வலிக்கிறது, தோல் உரிகிறது, சில வேளை மரத்துப்போகிறது என்று ஒரு பெண் யாரிடம் சொல்வாள்? ஆண் பிள்ளைகளும் சொல்வதில்லை என்றே அறிகிறேன். எனவே யாரும் வாய் திறப்பதில்லை. வண்டி மட்டும் ஒருநாள் நின்றுவிடுகிறது. செயின் கழல்கிறது, வெயில் அதிகம், பாடம் நிறைய இருக்கிறது என்று ஊருக்கு ஒரு காரணம் சொல்லப்படுகிறது.

என் வகுப்புத் தோழி ஒருத்தியின் வண்டி அப்படித்தான் நின்றது. அவள் அம்மா மகளிர் குழுவில் கடன் எடுத்து, ஒன்பதாயிரம் ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்கித் தந்த வண்டி. தடித்த டயர், முன்னும் பின்னும் ஷாக் அப்சார்பர், ஏழு கியர், குறுகலான கறுப்பு இருக்கை. விளம்பரத்தில் வரும் வண்டியைப் போலவே இருந்தது. நான்கு மாதம் ஓட்டினாள். பிறகு பேருந்துக்கு மாறினாள். அவள் ஊர்ப் பேருந்து ஒன்று விடியலில் வரும். அடுத்தது வரும்போது இங்கே முதல் வகுப்பு பாதி முடிந்திருக்கும். பருவ முடிவில் வருகைக் குறைவுப் பட்டியலில் அவள் பெயர் இருந்தது. அபராதமும் கட்டினாள். ஏன் வண்டியை விட்டாய் என்று நான் துருவித் துருவிக் கேட்ட பிறகே, அதுவும் நூலகத்தின் பின்பக்கம் வைத்து, உண்மையைச் சொன்னாள். கியர் கெட்டது இரண்டாவது காரணம். முதல் காரணம் இருக்கை.

எனக்கும் இந்தப் பாடம் தானாக வந்துவிடவில்லை. பதினோராம் வகுப்பில் அரசு தந்த விலையில்லா மிதிவண்டியைத்தான் இன்றும் ஓட்டுகிறேன். அது என்னைப் பள்ளி முடியும் வரை சுமந்து, இப்போது கல்லூரிக்கும் சுமக்கிறது. ஆனால் முதல் ஆண்டு முழுவதும் முழங்கால் வலியோடுதான் ஓட்டினேன். இரண்டு பாதமும் தரையில் நன்றாகப் பதியவேண்டும் என்று இருக்கையை அடிவரை இறக்கி வைத்திருந்தேன். பஞ்சர் ஒட்டப் போன இடத்தில் சைக்கிள் கடைத் தாத்தா நான் வண்டி ஏறுவதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பாப்பா, உட்கார்ந்துக்கிட்டுத் தரையை மிதிக்கவா வண்டி வாங்கினே? பெடலை மிதிக்கத்தானே!" சொன்னவர் ஸ்பானரை எடுத்து இருக்கையை நான்கு விரற்கடை உயர்த்திவிட்டார். காசு வாங்கவில்லை. ஒரு வாரத்தில் வலி குறைந்தது.

கல்லூரிக்கு வந்து இயற்பியல் படித்த பிறகு அவர் செய்ததன் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். என் வண்டியின் முன் பல்சக்கரத்தில் 44 பற்கள். பின் பிரீவீலில் 18. சக்கரம் ஒருமுறை உருண்டால் இரண்டு மீட்டருக்குச் சற்று அதிகம். சுண்ணக்கட்டியால் தரையில் குறியிட்டு அளந்தேன். ஆக, பெடல் ஒரு சுற்றுச் சுற்றினால் வண்டி ஏறத்தாழ 5 மீட்டர் போகும். எங்கள் ஊரிலிருந்து கல்லூரி 7 கிலோமீட்டர். மிதித்துக்கொண்டே வந்தால் ஒரு வழிக்கு 1,400 சுற்றுகள். இருக்கை தாழ்வாக இருந்தால் 1,400 முறையும் முழங்கால் அளவுக்கு மீறி மடங்குகிறது. திரும்பிப் போகும்போது மறுபடியும் 1,400.

சரியான உயரத்தைக் காண ஒரு பழைய வழி உண்டு. சுவரைப் பிடித்துக்கொண்டு வண்டியில் அமர்ந்து, ஒரு பெடலை அடிக்குக் கொண்டுவந்து, அதன்மேல் குதிகாலை வையுங்கள். கால் நேராக நீளவேண்டும். பிறகு ஓட்டும்போது பாதத்தின் முன்பகுதியால் மிதித்தால் முழங்கால் சற்றே மடங்கியிருக்கும். அதுதான் அளவு. இறங்கும்போது ஒரு கால் நுனியால் தரையைத் தொட்டால் போதும். குரங்குப் பெடல் அடித்துக் கற்றுக்கொண்ட நமக்கு இது ஒரு பெரிய வித்தையில்லை.

இனி அகலம். நாம் உட்காரும்போது இடுப்பெலும்பின் அடியில் இருக்கும் இரண்டு முனைகள்தாம் பாரத்தைத் தாங்கவேண்டும். தாங்குவதற்கென்றே அமைந்தவை அவை. அவற்றுக்கு நடுவே இருக்கும் மென்மையான பகுதியில் நரம்பும் இரத்தக் குழாயும் ஓடுகின்றன. அங்கே பாரம் விழுந்தால் மரத்துப்போகும். இருக்கை குறுகலாக இருந்தால் இரண்டு முனைகளும் இருக்கையின் ஓரத்துக்கு வெளியே போய்விட, பாரமெல்லாம் நடுவில் விழுகிறது. பொதுவாகப் பெண்களின் இடுப்பெலும்பு ஆண்களுடையதைவிட அகலமானது. ஆகவே ஓர் ஆணுக்குப் பொருந்தும் இருக்கை அவன் தங்கைக்கும் பொருந்தும் என்று எண்ணக்கூடாது.

"அப்படியானால் மெத்தையாக வாங்கிவிட்டால் போயிற்று" என்பீர்கள். அங்கேதான் கட்டைவிரல் நம்மை ஏமாற்றுகிறது. அழுத்தம் என்பது பரப்பில் பகிரப்படும் விசை என்று பள்ளியிலேயே படித்தோம். மெத்தை பரப்பை அதிகமாக்குகிறது, உண்மைதான். ஆனால் எந்தப் பரப்பை? மிக மெதுவான பஞ்சில் எலும்பு முனைகள் புதைந்துவிட, நடுவில் உள்ள பஞ்சு மேலே பிதுங்கி, எந்த இடத்தில் படக்கூடாதோ அந்த இடத்தையே அமுக்குகிறது. கடையில் ஐந்து நிமிடம் உட்கார்ந்தால் சுகம். ஏழு கிலோமீட்டர் போனால் துன்பம். நம் பாட்டிமார் மணைப்பலகையில் அமர்ந்து ஒரு மூட்டைப் புளியைக் கொட்டை எடுத்துவிட்டு எழுவார்கள். பலகை கெட்டிதான், எலும்பு தாங்கியது. இருக்கை நம் அகலத்துக்கு ஏற்றதாகவும், ஓரளவு கெட்டியாகவும், அடியில் சுருள் வில் உள்ளதாகவும் இருந்தால் அதுவே நெடுவழிக்கு நல்லது. மேலே மாட்டும் தடித்த ஜெல் உறை நழுவி நழுவித் தொடையை உரசும். அதற்குச் செலவிடும் பணத்தை நல்ல இருக்கைக்கே சேர்த்து வைக்கலாம்.

அகலத்தை அளப்பதும் எளிது. அட்டைப்பெட்டியின் நெளி அட்டை ஒரு துண்டை வாசற்படியில் போட்டு, மெல்லிய உடையோடு அதன்மேல் உட்கார்ந்து, காலைச் சற்றுத் தூக்கிச் சிறிது நேரம் இருங்கள். எழுந்து பார்த்தால் அட்டையில் இரண்டு குழிகள் தெரியும். ஒன்றின் நடுவிலிருந்து மற்றொன்றின் நடுவுக்கு அளவுகோலால் அளக்கவேண்டும். எனக்கு 12½ சென்டிமீட்டர் வந்தது. அதைவிட இரண்டு மூன்று சென்டிமீட்டராவது அகலமான இருக்கை வேண்டும். நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும் வண்டியானால் இன்னும் அகலமாகவே இருக்கலாம். இதைக் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகச் செய்யலாம். வெட்கப்பட ஒன்றுமில்லை.

இந்த வலி நமக்கு மட்டும் வந்த வலியும் அன்று. இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரத்தில் 1866இல் தோல் தொழில் தொடங்கிய ஜான் புரூக்ஸ் என்பவர், தம் குதிரை இறந்துபோனதால் மிதிவண்டி ஏறினாராம். இருக்கை தாங்கமுடியாமல் தாமே ஒன்றைச் செய்ய முனைந்தாராம். 1882இல் தோல் இருக்கைக்குக் காப்புரிமையும் பெற்றார். அவர் வலிக்கிறது என்று வெளியே சொன்னார். அந்த நிறுவனம் பிறந்தது.

இருக்கை பற்றிச் சொன்னேன். வண்டி பற்றியும் சொல்லவேண்டும். நம்பகமான வண்டி எது? என்றும் கெடாத வண்டி என்று ஒன்று உலகில் இல்லை. கெட்டால் நம் ஊரிலேயே, அன்றைக்கே, கையில் இருக்கும் காசுக்குச் சரியாகும் வண்டியே நம்பகமான வண்டி. அந்தக் கணக்கில் கியர் இல்லாத இரும்புச் சட்டக வண்டிக்கு இணை இல்லை. அம்பத்தூரில் 1949இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ், லூதியானாவில் 1956இல் தொடங்கிய ஹீரோ போன்ற நிறுவனங்கள் பல பத்தாண்டுகளாக ஏறக்குறைய ஒரே அளவில் இத்தகைய வண்டிகளைச் செய்துவந்தன. அதனால் ஒன்றின் பிரேக் கட்டை மற்றொன்றுக்குச் சேரும். போக்ஸ் கம்பி, பால்ரஸ், காட்டர் பின், வால்வு டியூப் எல்லாம் கிராமத்துக் கடையிலும் டப்பாவில் கிடக்கும். அட்லஸ் நிறுவனத்தின் சாகிபாபாத் ஆலை 2020 ஜூனில் நின்றது. ஆயினும் அட்லஸ் வண்டி வைத்திருந்த எங்கள் தெருப் பால்காரர் பால் ஊற்றுவதை ஒருநாளும் நிறுத்தவில்லை.

அதே விலைக்குக் கிடைக்கும் கியர் வண்டியின் கதை வேறு. விலை ஒன்றாக இருந்து உறுப்புகள் இரண்டு மடங்கானால், ஒவ்வோர் உறுப்பிலும் எதையோ குறைத்துத்தானே செய்திருக்கவேண்டும்? பின்சக்கரத்தருகே தொங்கும் கியர் மாற்றி வண்டி ஒருமுறை வலப்பக்கம் சாய்ந்து விழுந்தாலே வளைந்துவிடும். பிறகு செயின் ஒரு பல்லில் நிற்காது. மலிவான ஷாக் அப்சார்பர் நாம் மிதிக்கும்போதெல்லாம் தானும் அமுங்கி எழுந்து, நம் உழைப்பில் ஒரு பங்கைத் தின்கிறது, எடையையும் கூட்டுகிறது. என் தோழியின் வண்டிக்கு உறுப்பு வாங்க மாவட்டத் தலைநகருக்குப் போகவேண்டியிருந்தது. போக்குவரத்துக்கும் உறுப்புக்கும் ஆன செலவைக் கேட்டு அவள் அம்மா, "கடனே இன்னும் அடையலியேடி" என்றாராம்.

கியரே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உதகையிலும் கொடைக்கானலிலும் படிக்கிறவர்களுக்கு என் வாதம் பொருந்தாது. பழைய வகை வண்டியிலும் குறை உண்டு. இருபது கிலோ அளவுக்குக் கனக்கும். மழையில் நனைந்த இரும்பு ரிம்மில் பிரேக் சரியாகப் பிடிக்காது. ஐப்பசியில் நான் இரண்டுமுறை வேலியில் போய் நின்றிருக்கிறேன். ஆனால் இந்தக் குறைகள் தெரிந்த குறைகள். மெதுவாகப் போனால் சமாளிக்கலாம்.

புதுவண்டி வாங்க முடியாதவர்கள் பழையதை வாங்கத் தயங்கவேண்டாம். முன் போர்க் வளைந்திருக்கிறதா என்று பக்கவாட்டில் நின்று பாருங்கள். சக்கரத்தைச் சுழற்றிவிட்டு ரிம் பிரேக் கட்டைகளுக்கு நடுவே ஆடாமல் ஓடுகிறதா என்று கவனியுங்கள். கிராங்கைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். விற்றதற்குக் கையெழுத்துப் போட்ட சீட்டு வாங்குங்கள். புதிதாக வாங்குகிறவர்களுக்கும் ஒரு செய்தி: 2025 செப்டம்பரில் மிதிவண்டிக்கும் அதன் உறுப்புகளுக்கும் ஜி.எஸ்.டி. வரி 12 விழுக்காட்டிலிருந்து 5 ஆகக் குறைந்தது. பட்டியலில் அதைப் பார்த்து வாங்குங்கள். இருக்கையை மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். கேட்டால் வித்தியாசத்தொகை வாங்கிக்கொண்டு மாற்றித் தருகிற கடைகள் இருக்கின்றன. கேட்பவர்தாம் இல்லை.

புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990களின் தொடக்கத்தில், அறிவொளி இயக்கத்தோடு சேர்த்துப் பெண்களுக்கு மிதிவண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தார்கள். அப்போது ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். கல் உடைக்கும் பெண்களும் வயல் வேலை செய்யும் பெண்களும் ஆயிரக்கணக்கில் கற்றார்கள். பெண்கள் வண்டி போதாமல் ஆண்கள் வண்டியிலேயே ஏறிப் போனார்கள். ஊரார் பேச்சை அவர்கள் தாண்டிவந்தார்கள். அவர்களுடைய பேத்திகளாகிய நாம் ஒரு ஸ்பானர் இல்லாமல் வண்டியை மாட்டுக்கொட்டகையில் போட்டு வைத்திருக்கிறோம்.

ஸ்பானர் என்றேனே, அதைப் பற்றித்தான் கல்லூரிக்கு ஒரு வேண்டுகோள். நம் சைக்கிள் நிறுத்துமிடத்தில் சங்கிலி போட்டுக் கட்டிய ஒரு காற்றுப் பம்பும் இருக்கை நட்டுக்கு ஏற்ற இரண்டு ஸ்பானரும் வேண்டும். என் தோழி சென்ற மாதம் கியர்களை எடுத்துவிட்டு ஒற்றை பிரீவீல் போட்டு, சுருள் வில் வைத்த அகலமான இருக்கையும் மாட்டிக்கொண்டாள். சைக்கிள் கடைத் தாத்தாதான் செய்தார். பழைய இருக்கை ஒன்றைத் தேடிப்பிடித்துக் கொடுத்தார். இருக்கையின் மூக்கு இன்னும் சற்று மேல்நோக்கி இருக்கிறது என்கிறாள். அதைச் சமமாக்க ஒரு நட்டைத் தளர்த்தி இறுக்கவேண்டும், அவ்வளவுதான். அதற்கு எங்களிடம் ஸ்பானர் இல்லை. ஸ்பானர் விலையில் பாதியை எங்கள் வகுப்பு தரும், எல்லாரையும் கேட்டுவிட்டேன்.