தட்டுப்பாடு நமக்கு, லாபம் அவங்களுக்கு!



சிப் கிடைக்கல, அதான் சரக்கு வரல, அதான் விலை ஏறுதுன்னு கணினிக் கம்பெனிகள் பல வருடமாகப் பாடுகின்றன. தட்டுப்பாடு பொய் என்று நாம் சொல்லவில்லை. கொரோனா காலத்தில் வீட்டிலிருந்தே வேலை, ஆன்லைனில் படிப்பு என்றானதும் மடிக்கணினியின் தேவை எகிறியது. புதிய சிப் ஆலை கட்டி முடிக்க வருடக்கணக்கில் ஆகும். எல்லாம் சரி. ஆனால் கஷ்டம் யாருக்கு?

ஆப்பிளையே எடுத்துக்கொள்வோம். 2021 ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான காலாண்டில், தட்டுப்பாட்டால் சுமார் 600 கோடி டாலர் விற்பனை போச்சு என்றார் டிம் குக். அதே மூன்று மாதத்தில் பங்குதாரர்களுக்கு அந்தக் கம்பெனி கொடுத்தது எவ்வளவு தெரியுமா? 2,400 கோடி டாலருக்கும் மேல்! பெரும்பகுதி, தன் பங்குகளைத் தானே சந்தையில் திரும்ப வாங்கிய செலவு. இப்படி வாங்கினால் பங்குகளின் எண்ணிக்கை குறையும், மிச்சமுள்ள ஒவ்வொரு பங்குக்கும் லாபம் கூடும். ஒரு கணினிகூட அதிகமா தயாராகாது.

இதையும் கேளுங்க. 2021 ஏப்ரல் கடைசியில், மேலும் 9,000 கோடி டாலருக்குப் பங்குகளைத் திரும்ப வாங்க ஆப்பிள் இயக்குநர் குழு அனுமதி கொடுத்தது. இரண்டே வாரம்தான். சிப் தயாரிப்புக்கு 5,000 கோடி டாலர் வரிப்பணம் வேண்டும் என்று அமெரிக்க நாடாளுமன்றத்திடம் கேட்ட கூட்டமைப்பில் அதே ஆப்பிளும் சேர்ந்துகொண்டது! நாம உண்டியல் குலுக்கினா கேலி பேசுறவங்க, இதுக்கு மட்டும் வாயே திறக்க மாட்டாங்க.

அமெரிக்கக் கதை நமக்கெதுக்கு என்கிறீர்களா? குஜராத்தின் சானந்தில் மைக்ரான் கம்பெனி, மெமரி சிப்புகளைப் பேக்கிங் செய்து சோதிக்கும் ஆலையை 2023-ல் அறிவித்தது. மதிப்பு 275 கோடி டாலர். அதில் பாதி ஒன்றிய அரசின் பணம், 20 சதவீதம் குஜராத் அரசின் பணம். மைக்ரான் போடுவது மீதி 30 சதவீதம்தான். அதே மைக்ரான் 2025 டிசம்பரில், சாதாரண மக்கள் கடையில் வாங்கும் குரூஷியல் மெமரி வியாபாரத்தையே நிறுத்துவதாக அறிவித்தது. ஏஐ டேட்டா சென்டர்களுக்குத் தேவை கூடிப்போச்சாம், பெரிய வாடிக்கையாளர்களுக்குத்தான் சரக்கு போகணுமாம்.

முதல் போட மக்கள் பணம் வேணும். சரக்கு குறைஞ்சதும் முதல்ல கழட்டி விடுறது அதே மக்களைத்தான்.

ஒன்றிய அரசைக் கேட்கிறோம்: 70 சதவீதம் பணம் போட்ட நமக்கு அந்த ஆலையில் எத்தனை சதவீதப் பங்கு? அங்கிருந்து வெளிவரும் சிப்பில் நம் நாட்டுக் கணினித் தயாரிப்பாளர்களுக்கு முன்னுரிமை உண்டா, இல்லையா? ஒப்பந்தத்தை மக்கள் முன் வை!